மார்பகப் புற்றுநோயில் எலும்பு ஸ்கேன்: யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

மார்பகப் புற்றுநோயின் முதல் நிலையில் இருக்கும் ஆயிரம் பெண்களுக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தால், எலும்பில் நோய் பரவியிருப்பது ஐந்து பேரிடம் தெரியவரும். இரண்டாம் நிலையில் இருப்பவர்கள் என்றால் 24 பேர். மூன்றாம் நிலையில் 83 பேர். பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ள கணக்கு இது. எலும்பு ஸ்கேனைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த மூன்று எண்களிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு பெண்ணுக்கு வீண் அலைச்சலாகவும் வீண் பயமாகவும் முடிகிற அதே பரிசோதனை, இன்னொரு பெண்ணுக்குச் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடுகிறது. இருவருக்கும் ஒரே சீட்டை எழுதிக் கொடுக்கும் வழக்கம்தான் கேள்விக்குரியது.

அந்த வழக்கத்துக்குக் காரணம் புரியாததல்ல. பயாப்சி முடிவு கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, 'வேறெங்கும் பரவியிருக்கிறதா?' என்பதைத்தான். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று குடும்பம் சொல்கிறது. பார்க்காமல் விட்டுப் பின்னால் பழி வந்துவிடக் கூடாதே என்று மருத்துவரும் தலையாட்டுகிறார். எடுக்காமல் விடுவது அலட்சியம் என்ற நம்பிக்கை இரு பக்கமும் வேரோடியிருக்கிறது. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, எலும்புக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவிலிருந்து வர வேண்டும்.

லண்டனைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் உடற்கூறாய்வுக் குறிப்புகளைத் திரட்டி 1889-இல் ஒரு கட்டுரை எழுதினார். ரத்தம் எல்லா உறுப்புகளுக்கும்தான் போகிறது. ஆனால் நோய் எல்லா இடத்திலும் சமமாகப் பரவவில்லை. மண்ணீரலில் அபூர்வம், கல்லீரலிலும் எலும்பிலும் அதிகம். விதை எங்கும் விழலாம், தனக்கேற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவர் எடுத்த முடிவு. 135 ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் ஆராய்ச்சி அந்தக் கருத்தை விட்டு விலகவில்லை. 1940-இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன் இன்னொரு பாதையைக் காட்டினார். முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலில் வால்வுகள் இல்லை. இருமும்போதும் முக்கும்போதும் ரத்தம் அங்கே எத்திசையிலும் ஓடலாம். மார்பிலிருந்து புறப்படும் அணுக்கள் நுரையீரலைத் தொடாமலேயே முதுகெலும்புக்குப் போய்ச் சேர அந்த வழி இடம் கொடுக்கிறது.

எலும்பு ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. பழைய எலும்பைக் கரைக்கும் அணுக்களும் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் அங்கே ஓயாமல் வேலை செய்கின்றன. எலும்பு மஜ்ஜையில் வந்து தங்கும் புற்றணுக்கள் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதற்குள் பொதிந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே வந்து புற்றணுக்களுக்கே தீனியாகின்றன. அதனால் அவை மேலும் பெருகி மேலும் கரைக்கின்றன. சிலரிடம் இதற்கு எதிர்வினையாகப் புதிய எலும்பு தாறுமாறாகக் கட்டப்படுகிறது. மார்பகப் புற்றுநோயில் கரைவதும் கட்டுவதும் கலந்தே இருக்கும். ஹார்மோன் ஏற்பி உள்ள வகை எலும்பை அதிகம் நாடும். மும்மறை வகை என்று சொல்லப்படும் டிரிபிள் நெகட்டிவ் நுரையீரல், மூளை என்று போகும். மொத்தத்தில் நோய் முற்றியவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு எலும்பில் பரவல் இருக்கிறது. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, மார்பெலும்பு, மண்டையோடு, தொடையெலும்பின் மேற்பகுதி ஆகியவையே வழக்கமான இடங்கள். சிவப்பு மஜ்ஜை இருக்கும் இடங்களும் இவைதாம். முழங்காலுக்குக் கீழே அரிது.

இந்தப் பரவலை எக்ஸ்-ரே தாமதமாகவே காட்டும். எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் படத்தில் ஓட்டை தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழி அணு இயற்பியலிலிருந்து வந்தது.

1937-இல் இத்தாலியின் பலேர்மோ நகரில் எமீலியோ செக்ரேயும் கார்லோ பெரியரும் டெக்னீசியம் என்ற தனிமத்தை அடையாளம் கண்டார்கள். அதன் ஒரு வடிவமான டெக்னீசியம்-99எம் மருத்துவத்துக்கென்றே அளந்து செய்ததுபோல அமைந்தது. அரை ஆயுள் ஆறு மணி நேரம். படம் எடுக்கப் போதும், மறுநாள் உடம்பில் பெரும்பகுதி இருக்காது. வெளிவரும் காமா கதிரின் ஆற்றலும் கேமரா பிடிக்க வாகானது. ஆறு மணி நேரமே வாழும் பொருளைத் தொலைதூர மருத்துவமனைக்கு எப்படி அனுப்புவது? 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் அதற்கு வழி கண்டது. 66 மணி நேர அரை ஆயுள் கொண்ட தாய்ப்பொருளான மாலிப்டினம்-99-ஐ ஒரு சிறு ஜெனரேட்டரில் அடைத்து அனுப்பிவிட்டால், அதிலிருந்து தினமும் காலையில் டெக்னீசியத்தை உப்புநீரால் கழுவி எடுத்துக்கொள்ளலாம். அணு மருத்துவத் துறைக்காரர்கள் அதைப் பசுவிடம் பால் கறப்பதோடு ஒப்பிடுவார்கள். மீதி இருந்தது, அந்த டெக்னீசியத்தை எலும்பில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் கோபால் சுப்பிரமணியனும் ஜான் மெக்ஆஃபியும் அதைப் பாஸ்பேட் சேர்மத்தோடு பிணைத்து 1971-இல் வெளியிட்டார்கள். நான்கு ஆண்டுகளில் சுப்பிரமணியன் குழுவே அதைவிடச் சிறந்த எம்.டி.பி. என்ற சேர்மத்தையும் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் எலும்பு ஸ்கேனுக்குப் போடும் ஊசி பெரும்பாலும் அதுதான். சுப்பிரமணியனின் பெயரைத் தமிழ் வாசகர்கள் அதிகம் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பரிசோதனை எளிது. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை. கையில் ஒரு ஊசி; பிறகு மூன்று மணி நேரம் காத்திருப்பு. அதற்குள் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொல்வார்கள். எலும்பில் சேராத மருந்து சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும். மருந்து சேர்ந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும்; மூத்திரப்பை நிறைந்திருந்தால் அதன் கறுப்பு, இடுப்பெலும்பை மறைத்துவிடும். படுக்கவைத்தபின் கேமராவின் தட்டையான இரு முகங்கள், ஒன்று மேலே ஒன்று கீழே, தலையிலிருந்து கால்வரை மெல்ல நகரும். அசையாமல் படுத்திருப்பதே நோயாளியின் வேலை. முதுகு வலி உள்ளவருக்கு அந்த அரை மணி நேரமே பெரிய சோதனை. கதிர்வீச்சு சுமார் 4 மில்லி சீவர்ட். இயற்கையிலிருந்து உலகின் சராசரி மனிதர் ஓராண்டில் பெறும் அளவு 2.4. கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை, எடுத்துக்கொண்டவர் அன்று ஒரு நாள் கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சாமல் இருந்தால் போதும்.

படத்தைப் பார்ப்பவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டிய உண்மை இதுதான்: அந்தக் கறுப்புப் புள்ளிகள் புற்றுநோய் அல்ல. எம்.டி.பி. புற்றணுக்களைத் தேடிப் போவதில்லை. எங்கே புது எலும்பு மும்முரமாகக் கட்டப்படுகிறதோ, எங்கே ரத்த ஓட்டம் கூடியிருக்கிறதோ அங்கே படிகிறது. ஆறிக்கொண்டிருக்கும் முறிவு, மூட்டுத் தேய்மானம், பழைய அடி, பல் வேர்ச் சீழ் ஆகிய எல்லாமே கறுக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய யாருக்கு எடுத்தாலும் முழங்காலிலோ இடுப்பு முதுகிலோ ஏதாவது ஒன்று தெரியத்தான் செய்யும். மறுபுறம், எலும்பு கரைவது மட்டுமே நடந்து புதிதாகக் கட்டுவது நடக்காத இடத்தை ஸ்கேன் தவறவிடலாம். மஜ்ஜைக்குள் மட்டும் தங்கியிருக்கும் நோயும் அப்படித்தான்.

அதனால் படத்தை வாசிப்பது அனுபவத்தின் வேலை. விலா எலும்பில் தனியாக ஒரே ஒரு புள்ளி இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவற்றில் பத்தில் ஒன்று போலத்தான் புற்றாக முடியும். அடுத்தடுத்த விலாக்களில் ஒரே நேர்க்கோட்டில் புள்ளிகள் அமைந்தால் அது விழுந்து அடிபட்டதன் தடயம். ஒரே விலாவின் நீளத்துக்குக் கறுப்பு படர்ந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். மார்பெலும்பில் தனிப்புள்ளி என்றால் மார்பகப் புற்றுநோயாளியிடம் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதுகெலும்பில் மூட்டுப் பக்கம் கறுத்தால் தேய்மானம், பின்புறத் தண்டுப் பகுதியில் கறுத்தால் கவலை. எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது சூப்பர் ஸ்கேன். எலும்புக்கூடு முழுவதும் சீராக நோய் பரவியிருக்கும்போது படம் பளிச்சென்று, பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். சிறுநீரகங்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பவர்தான் தப்பிப்பார். மருந்தையெல்லாம் எலும்பே எடுத்துக்கொண்டதால் அவை மங்கி மறைந்திருக்கும். இப்போது ஸ்பெக்ட்-சி.டி. வந்த பிறகு சந்தேகத்துக்குரிய இடத்தை மட்டும் முப்பரிமாணத்தில் சி.டி.யோடு பொருத்திப் பார்க்க முடிகிறது. 'உறுதியாகச் சொல்ல இயலவில்லை' என்று முடியும் அறிக்கைகள் அதனால் வெகுவாகக் குறைந்துவிட்டன. முதன்முறையாகப் பரவல் என்று சந்தேகம் வரும் இடத்தில், முடிந்தால் ஊசி வழியே சதை எடுத்துப் பயாப்சி செய்ய வேண்டும். அது புற்றுதானா என்பதை உறுதிசெய்வதோடு, ஹார்மோன் ஏற்பியும் ஹெர்-2 என்ற புரதமும் மாறியிருக்கின்றனவா என்பதையும் அது சொல்லும். அந்த மாற்றம் மருந்தையே மாற்றும்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு எலும்பு மெலியும் என்பதால் மருத்துவர்கள் டெக்ஸா என்ற பரிசோதனை எழுதுவார்கள். அதுவும் பேச்சு வழக்கில் எலும்பு ஸ்கேன்தான். ஆனால் அது இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் சிறு எக்ஸ்-ரே. ஊசி கிடையாது, பரவலைக் காட்டாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதை எடுப்பது நியாயமான கவனிப்பு. எலும்பு ஸ்கேன் எடுத்தாயிற்று என்று ஒருவர் சொன்னால் எந்த ஸ்கேன் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வெளிநோயாளிப் பிரிவில் இந்தக் குழப்பத்தால் தேவையான பரிசோதனை விட்டுப்போவதும் உண்டு, தேவையற்றது இரண்டுமுறை நடப்பதும் உண்டு.

இனி முதல் கேள்வி. நோய் கண்டுபிடிக்கப்பட்ட உடனே யாருக்கு எடுப்பது? கட்டி சிறிது, அக்குளில் நெறிக்கட்டி இல்லை, எலும்பு வலி இல்லை, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் சரியாக இருக்கிறது என்றால் வேண்டாம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமான ஆஸ்கோ, 2012-இல் தேவையின்றிச் செய்யப்படும் ஐந்து காரியங்களைப் பட்டியலிட்டபோது, பரவும் ஆபத்துக் குறைந்த ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோய்க்கு பெட், சி.டி., எலும்பு ஸ்கேன் எடுப்பதையும் அதில் சேர்த்தது. கணக்கு தெளிவானது. ஆயிரத்தில் ஐந்து பேரிடம்தான் நோய் இருக்கும். ஆனால் தேய்மானமும் பழைய அடியும் அதைவிடப் பல மடங்கு பேரிடம் கறுப்பாகத் தெரியும். ஒவ்வொரு கறுப்புக்கும் ஒரு எம்.ஆர்.ஐ., சில நேரம் ஒரு பயாப்சி, எல்லாவற்றுக்கும் மேலாக 'நாலாம் நிலையோ' என்று தூக்கம் போன வாரங்கள். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போவதும் உண்டு. குணமாக வேண்டிய நோயாளியைக் காத்திருக்க வைக்கும் பரிசோதனையை முன்னெச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல், அக்குள் நிணநீர்க் கணுக்களில் தெளிவாக நோய், தோலிலோ மார்புச் சுவரிலோ பிடித்துக்கொண்ட கட்டி, வீங்கிச் சிவக்கும் அழற்சி வகை, அல்லது எந்த நிலையாக இருந்தாலும் ஓரிடத்தில் விடாத எலும்பு வலி என்றால் ஸ்கேன் வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல்களும் இதையே சொல்கின்றன. இங்கே நம் நாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2022-ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 98,000 பேர் இறந்தார்கள். மேமோகிராம் மூலம் பட்டாணி அளவுக் கட்டியைப் பிடிக்கும் நாடுகளில் பெரும்பாலோர் முதல் இரு நிலைகளில் வருகிறார்கள். இங்கே கட்டியைக் கையால் உணர்ந்து, யாரிடமும் சொல்லக் கூசி, மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு மூன்றாம் நிலையில் வருபவர்கள் கணிசம். ஆகவே ஸ்கேன் வேண்டாம் என்ற மேலை நாட்டு அறிவுரையை வரிக்கு வரி இங்கே பொருத்தினால், அவசியமானவர்களுக்கும் அது கிடைக்காமல் போகும். நம் வழக்கத்தில் இரு தவறுகளும் அக்கம்பக்கமாக நடக்கின்றன. நகரத்தில் காப்பீடு உள்ள முதல்நிலை நோயாளி பெட் ஸ்கேனே எடுத்துவிடுகிறார். சிற்றூரிலிருந்து மூன்றாம் நிலையில் வருபவர் மார்பு எக்ஸ்-ரேயும் வயிற்று அல்ட்ராசவுண்டும் மட்டும் எடுத்துக்கொண்டு அறுவை அரங்குக்குப் போய்விடுகிறார்.

இரண்டாவது தவறு ஏன் பெரிது என்பதை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு காட்டும். ராஜேந்திர பட்வேயும் சகாக்களும் 2005 முதல் 2013 வரை, நோய் கண்டுபிடிக்கும்போதே வேறு உறுப்புகளுக்குப் பரவியிருந்த 350 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு மார்பகத்தையும் கணுக்களையும் அகற்றினார்கள், மறுபாதிக்கு இல்லை. அகற்றியவர்கள் கூடுதலாக வாழவில்லை. அதாவது எலும்பில் ஏற்கெனவே நோய் இருப்பது தெரிந்தால், மார்பகத்தை எடுப்பது ஆயுளை நீட்டும் என்ற எதிர்பார்ப்பில் ஒரு பெண்ணை அறுவைக்கு அனுப்ப வேண்டியதில்லை. மாத்திரையும் ஊசியும்தான் முதல் சிகிச்சை. ஒரு துருக்கி ஆய்வில், எலும்பில் மட்டும் ஒற்றைப் பரவல் உள்ள சிலருக்கு அறுவை பயன் தரலாம் என்ற குறிப்பு இருந்தாலும், அதை வைத்துப் பொது விதி எழுத முடியாது. எப்படியானாலும் முடிவெடுக்கும் முன் எலும்பின் நிலை தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நிலைக்கு எலும்பு ஸ்கேனா, பெட்-சி.டி.யா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு பதில் இருக்கிறது. ஒன்டாரியோவிலேயே 2-பி, 3-ஆம் நிலை நோயாளிகள் 369 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்குப் பெட்-சி.டி., மற்றதற்கு எலும்பு ஸ்கேனும் சி.டி.யும் எடுத்தார்கள். 2023-இல் வெளியான முடிவில், முதல் குழுவில் 23 சதவீதம் பேர் உண்மையில் நான்காம் நிலையில் இருப்பது தெரிந்தது. இரண்டாவதில் 11 சதவீதம். பெட் வசதியும் பணமும் உள்ள இடத்தில் மூன்றாம் நிலைக்கு அதை எடுத்தால் தனியாக எலும்பு ஸ்கேன் தேவையில்லை. இரண்டையும் எழுதித் தருவது செலவை இரட்டிப்பாக்குவதன்றி வேறில்லை. ஆனால் எலும்பு ஸ்கேன் காலாவதியாகிவிட்டது என்பதும் சரியல்ல. பெட்டில் பயன்படும் சர்க்கரை மருந்தை, லோபுலர் வகைப் புற்று அவ்வளவாக எடுத்துக்கொள்வதில்லை. இறுகிக் கெட்டியான எலும்புப் பரவல்களையும் அது சில நேரம் தவறவிடும். எலும்பு ஸ்கேன் அவற்றைப் பிடித்துவிடும். பெட் ஸ்கேன் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும். பெட் இல்லாத ஊரில், எலும்பு ஸ்கேனும் மார்பு-வயிற்று சி.டி.யும் சேர்ந்தது இன்றும் கௌரவமான தரம்.

சிகிச்சை முடிந்த பிறகுதான் வாதம் சூடு பிடிக்கிறது. கீமோ முடிந்தது, ரேடியேஷன் முடிந்தது, மாத்திரை மட்டும் ஓடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொண்டால் திரும்ப வருவதை முன்கூட்டியே பிடிக்கலாமே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இத்தாலியில் இரு குழுக்கள் இதைச் சோதித்து 1994-இல் ஒரே மருத்துவ இதழில் வெளியிட்டன. ஒன்றில் 1,243 பெண்கள். ஒரு பாதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை எலும்பு ஸ்கேனும் மார்பு எக்ஸ்-ரேயும். மறுபாதிக்கு மருத்துவர் கைப்பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். ஸ்கேன் எடுத்தவர்களிடம் பரவல் முன்னதாகவே தெரிந்தது. ஐந்தாண்டில் இறந்தவர்களின் விகிதத்திலோ வித்தியாசமில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் இல்லை. இன்னொன்றான கீவியோ ஆய்வில் 20 மருத்துவமனைகளின் 1,320 பெண்கள். அங்கும் ஆயுளிலும் வாழ்க்கைத் தரத்திலும் வேறுபாடு இல்லை.

முன்னதாகத் தெரிந்தும் ஏன் பயனில்லை என்பதை நோயாளிக்கு விளக்கிச் சொல்வது கடினமான காரியம். ஆனால் சொல்லத்தான் வேண்டும். மார்பகத்தில் சிறு கட்டியை முன்கூட்டியே பிடித்தால் குணமாக்கலாம். எலும்புக்குப் போய்விட்ட நோயைக் கட்டுப்படுத்த முடியும், வேரோடு களைவது இன்றும் அரிது. வலி வந்த பின் தொடங்கும் சிகிச்சையும் ஆறு மாதம் முன்பே தொடங்கும் சிகிச்சையும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய்விடுகின்றன. ஸ்கேன் செய்தது, அந்தப் பெண் நிம்மதியாக இருந்திருக்கக்கூடிய ஆறு மாதங்களை நோயாளியாகக் கழிக்க வைத்ததுதான். ஆஸ்கோவின் 2012 பட்டியலில் இதுவும் உண்டு: குணப்படுத்தும் நோக்கில் சிகிச்சை முடித்து, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குக் கண்காணிப்பு ஸ்கேன் வேண்டாம்.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. வழிகாட்டுதலைச் சொல்பவர்கள் அதைப் பல நேரம் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஸ்கேன் வேண்டாம் என்றால் கேள்வி கேட்கும் மருத்துவர் வேண்டும். ஹார்மோன் வகை நோய் ஐந்தாண்டோடு முடிந்துவிடுவதில்லை. 62,923 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்து நோயின்றி இருந்தவர்களிடமும் இருபதாம் ஆண்டுவரை நோய் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து முதுகு வலியோடு வரும் பெண், பழைய நோயைப் பற்றிச் சொல்ல மறந்திருக்கலாம். எலும்பு மருத்துவரோ பிசியோதெரபிக்கு அனுப்பிவிடலாம். அங்கேதான் எலும்பு ஸ்கேனின் உண்மையான இடம். ஒரே இடத்தில் நான்கைந்து வாரம் விடாமல் இருக்கும் வலி, இரவில் படுத்தாலும் குறையாத வலி, நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் தாமதிக்கக் கூடாது. லெட்ரோசோல் சாப்பிடுபவர்களில் பாதிப்பேருக்கு மூட்டு வலி வரும். அது பெரும்பாலும் இரு கைவிரல்களிலும் இரு முழங்கால்களிலும், காலையில் எழுந்ததும் விறைப்பாக இருந்து நடக்க நடக்கக் குறையும். இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டால் எத்தனையோ ஸ்கேன்கள் தேவைப்படாது, தேவைப்படும் ஒன்று தவறவும் செய்யாது. கால் மரத்துப்போவது, நடை தளர்வது, சிறுநீர் போவதில் சிரமம் ஆகியவை முதுகுவலியோடு சேர்ந்தால் அது எலும்பு ஸ்கேனுக்கான நேரமே இல்லை. தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள், அன்றே எம்.ஆர்.ஐ., அன்றே ஸ்டீராய்டு.

எலும்பில் நோய் இருப்பது உறுதியான பிறகு ஸ்கேனின் பயன் வேறு விதமானது. நோயின் வரைபடத்தை அது ஒரே படத்தில் கொடுக்கிறது. தொடையெலும்பின் கழுத்தில் ஒரு கறுப்பு தெரிந்தால், நோயாளிக்கு வலி இல்லாவிட்டாலும், அன்றே அந்தத் தொடைக்கு எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். எலும்பின் கனத்தில் எவ்வளவு கரைந்திருக்கிறது, நடக்கும்போது வலிக்கிறதா என்று பார்த்து, முறியும் அபாயம் இருந்தால் முன்கூட்டியே உலோகக் கம்பி வைத்துவிடலாம். குளியலறையில் கால் மடங்கி எலும்பு முறிந்து படுக்கையில் விழும் ஒரு பெண்ணுக்கும், திட்டமிட்ட அறுவை முடிந்து மூன்றாம் நாள் நடக்கும் பெண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் மிகப் பெரிது. எலும்பு ஸ்கேன் ஒருவருக்குச் செய்யக்கூடிய நன்மைகளில் இதையே முதலாவதாக வைப்பேன்.

வலிக்கும் இடத்துக்கு ரேடியேஷன். 898 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2005-இல் காட்டியதுபோல, 8 கிரே அளவை ஒரே நாளில் கொடுத்தாலும், 30 கிரேயைப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுத்தாலும் வலி குறைவது ஒரே அளவுதான். ஒரே நாளில் முடித்தவர்களில் சிலருக்கு மறுபடி கொடுக்க வேண்டிவரும். தொலைவிலிருந்து பஸ் ஏறி வரும் நோயாளிக்கு ஒரு நாள் சிகிச்சை எவ்வளவு பெரிய உபகாரம்! முறிவைத் தடுக்க சோலெட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப் ஊசி. சோலெட்ரானிக்கை மாதம் ஒருமுறைக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டாலும் குறைவில்லை என்று 2017-இல் உறுதியானது. தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஊசி ஓடும்போது பல் பிடுங்கினால் தாடையெலும்பு பட்டுப்போகும் ஆபத்து உண்டு. இவற்றோடு ரிபோசிக்ளிப் போன்ற மாத்திரைகள் சேர்ந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஹார்மோன் வகையில், நோய் பரவிய நிலையில் ரிபோசிக்ளிப்போடு சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப்பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாக ஒரு பெரிய ஆய்வு 2022-இல் தெரிவித்தது. எலும்புக்குப் போய்விட்டது என்ற சொல் இன்று பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தந்த பொருளைத் தருவதில்லை. குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன் நல்ல கருவி அல்ல. சிகிச்சை பலித்து எலும்பு ஆறத் தொடங்கும்போது புது எலும்பு கட்டப்படுகிறது. அதனால் பழைய புள்ளிகள் இன்னும் கறுக்கும், முன்பு தெரியாத புள்ளிகள் புதிதாக முளைக்கும். 'ஃப்ளேர்' என்று அழைக்கப்படும் இந்தத் தோற்றம் முதல் மூன்று மாதத்தில் வரும், சிலரிடம் ஆறு மாதம்வரை நீளும். இதைப் பார்த்து நோய் கூடிவிட்டது என்று முடிவுகட்டி, பலித்துக்கொண்டிருக்கும் மருந்தை நிறுத்திக் கீமோவுக்கு மாற்றினால் நோயாளிக்கு இழைக்கப்படும் தீங்கு பெரிது. வலி குறைந்திருக்கிறதா, நடமாட்டம் எப்படி, சி.டி. என்ன சொல்கிறது, ரத்தக் குறியீடுகள் எப்படி என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கட்டியின் அளவை வைத்து மருந்தின் பலனை அளக்கும் ரெசிஸ்ட் விதிகளும், மென்சதைப் பகுதி இல்லாத எலும்புப் பரவலை அளக்க முடியாதது என்றே வகைப்படுத்துகின்றன.

இந்தப் பரிசோதனை சில அணு உலைகளை நம்பியிருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். 2009 மே மாதத்தில் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்ப்புக்கு நின்றபோது உலகெங்கும் மாலிப்டினத்துக்குத் தட்டுப்பாடு வந்தது, ஸ்கேன்கள் தள்ளிவைக்கப்பட்டன. மாலிப்டினம் மூன்று நாளுக்குள் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால் சேமித்து வைக்கவும் முடியாது. தேவையில்லாதவருக்குப் போடும் ஒவ்வொரு ஊசியும் அந்தக் குறுகிய இருப்பிலிருந்துதான் போகிறது.

முடிவாகாத கேள்விகள் இன்னும் இருக்கின்றன. 1994-இன் முடிவுகள் அன்றைய மருந்துகளை வைத்து வந்தவை. இன்றைய மருந்துகளோடு, ஓரிரு இடங்களில் மட்டும் இருக்கும் பரவலைத் துல்லியமான ரேடியேஷனால் எரித்துவிட்டால் ஆயுள் நீளாதா என்று கேட்பவர்கள் பலர். அமெரிக்காவில் நான்கு இடங்கள்வரை பரவல் உள்ள 125 பேரிடம் அதைச் சோதித்து 2022-இல் முடிவைச் சொன்னார்கள்: வழக்கமான மருந்துச் சிகிச்சையோடு அதைச் சேர்த்ததில் நோய் கட்டுப்பட்டிருந்த காலம் குறிப்பிடும்படி நீளவில்லை. ஜப்பானில் மீண்டும் வரும் ஆபத்து அதிகமுள்ள பெண்களைச் சேர்த்து, எலும்பு ஸ்கேன் உள்ளிட்ட தீவிரக் கண்காணிப்பை வழக்கமான கண்காணிப்போடு ஒப்பிடும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறார்கள். ஜெர்மனியில் ஸ்கேனுக்குப் பதில் ரத்தத்தில் கலந்திருக்கும் புற்றின் மரபணுத் துணுக்குகளைத் தேடி, அது தெரிந்தால் மட்டும் படமெடுக்கும் முறையை 3,500 பெண்களிடம் சோதிக்கும் திட்டம் 2022-இல் தொடங்கியது. அவற்றின் முடிவு எதுவாக இருந்தாலும், நோயாளி அதுவரை கேட்க வேண்டிய கேள்வியை மருத்துவரிடம் நேராகவே கேட்கலாம்: இந்த ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் என் சிகிச்சையில் எது மாறும், ஒன்றும் தெரியாவிட்டால் எது மாறும்?